ஒத்திகைப் பிள்ளை

நெடுந்தீவுத் தபால் கந்தோருக்கு இடமாற்றம் கிடைத்து நான் வந்த முதல் கிழமை. தபால் பையை எடுக்க இறங்குதுறைக்குப் போயிருந்தேன். காலை வள்ளத்தில் ஒரு பெண் ஏறினார். வலக்கை முழங்கையோடு முடிந்திருந்தது. இடக்கையில் வெறும் தயிர்ச்சட்டி ஒன்று. சனத்துக்குள்ளால் போய் ஓரிடத்தில் இருந்தார். சட்டியை மடியில் வைத்தார். எழும்பி மற்றப் பக்கம் போய் அங்கேயும் இருந்து பார்த்தார். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் இறங்கி, சட்டியோடு வந்த வழியே நடந்துபோய்விட்டார். வள்ளத்தில் இருந்த ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கயிறு அவிழ்த்துக்கொண்டு நின்றவரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நாளைக்கு யாழ்ப்பாணத்துக்குத் தயிர் கொண்டு போறா," என்றார் அவர், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

அந்த அக்காதான் கந்தோர் எங்களுக்குத் தந்த விடுதிக்கு அடுத்த வளவுக்காரி என்பது அன்று பின்னேரம் தெரியவந்தது. மனைவியும் நானும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கல்வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. "நான் நேற்றே வந்து பார்த்திட்டன். உங்கடை அலுமாரி உந்த வாசலாலை போகாது. குசினிப் பக்கத்தாலை கொண்டு போங்கோ," என்றார். அலுமாரி நேற்று இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. விடுதியில் எங்களுக்கு முன்பு இருந்தவரின் அலுமாரியை மனதில் வைத்து, உட்காரும் நீள மர வாங்கு ஒன்றைத் தூக்கி வாசலில் திருப்பிப் பார்த்திருக்கிறார். நாங்கள் முன்வாசலால்தான் கொண்டுபோனோம். அலுமாரி வாசலில் சிக்கியது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அலுமாரிக்கு அடியால் குனிந்து குசினிக்குப் போனோம்.

எதையும் ஒருமுறை செய்து பார்க்காமல் செய்யமாட்டார். அவ்வளவுதான் அவரைப் பற்றி. மிச்சமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாடுகள் வைத்திருந்தார், பாலும் தயிரும் விற்றார், தனியாக இருந்தார், கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் வெறும் வீதியில் பிரதட்டை பண்ணும் இடம் எது, கல் குத்தும் இடம் எது என்று நடந்து பார்த்தார். பல் பிடுங்கப் போவதற்கு முன் வாயைத் திறந்தபடி கதிரையில் சாய்ந்து எவ்வளவு நேரம் இருக்க ஏலும் என்று பார்த்தார். எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு ஆள் துணைக்கு வேண்டியிருந்தது. நான் பருத்த மனிதன், கந்தோரில் பெரிய வேலையும் இல்லை. கல்வேலிக்கு மேலால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு இருந்தேன்.

கை எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் போரில் கை போனவர்கள், கால் போனவர்கள் பலர். ஒருநாள் அவராகவே சொன்னார்: "அது ஒண்டுதான் போஸ்மாஸ்ரர், ஒத்திகை பார்க்காமல் நடந்தது. செல் விழுந்தது, கை போச்சு. ஒரு ஆயத்தமும் இல்லை." பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். மிச்சமிருந்த பாகத்தை அவர் குட்டிக்கை என்றுதான் சொல்வார். குட்டிக்கையால் திசை காட்டுவார், படலையைத் தள்ளுவார், கோபம் வந்தால் அதைத்தான் முன்னுக்கு நீட்டுவார்.

மற்றப் பக்கத்து வளவுக்காரரின் ஆடு அக்காவின் நல்ல சேலை ஒன்றின் முந்தானையைத் தின்றுவிட்டது. சண்டைக்குப் போக வேண்டும். "நீர்தான் அந்த மனிசன். மறுத்துக் கதையும்," என்று என்னை முற்றத்தில் நிற்பாட்டினார். நான் சும்மா நிற்காமல், "சேலையைத் தாழக் கட்டின கொடியிலை காயவிட்டது ஆரின்ரை பிழை? ஆட்டுக்குத் தெரியுமோ அது பட்டுச்சேலை எண்டு? இப்ப அதுக்கு வயித்துக்கோளாறு வந்தால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டேன். அக்கா யோசித்தார். குட்டிக்கை மெல்ல இறங்கியது. "ஆடு இப்ப எப்பிடி இருக்கு?" என்று கவலையோடு கேட்டார்.

மூன்று நாள் பயிற்சி எடுத்துத்தான் சண்டைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் புதுச் சேலை. படலையைத் திறந்ததுமே அந்த மனிதர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, சேலையையும் கொடுத்துவிட்டாராம்.

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? இவ்வளவும் பாடமாக்கிக்கொண்டு போறன். ஒரு சொல்லுச் சொல்ல விடேல்லை. மரியாதை தெரியாத மனிசன்."

இப்படிப்பட்டவர் ஒருநாள் பாலோடு வந்து, என் மனைவியைப் பார்த்து, "ஒரு பிள்ளை வளர்க்க ஒண்டரைக் கை காணுமோ?" என்று கேட்டார்.

"எனக்கு ரெண்டு கை இருக்கு அக்கா. இவரை வளர்க்கவே காணாது," என்றாள் மனைவி.

பகிடி இல்லை என்று அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பவி என்று ஒரு பெண்பிள்ளை. எட்டு வயது. இந்தத் தீவில் பிறந்தவள். தாய் வருத்தத்தில் செத்துப்போக, தகப்பன் வேறு எங்கோ போய்விட, யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தாள். சிறுவர் விஷயம் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர், இளம் பெண், தீவுக்கு வந்த இடத்தில் அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிக்க யாராவது முன்வருவார்களா என்று விசாரித்திருக்கிறார். உறவுக்காரர் எல்லாரும் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தார்களாம். அக்கா உறவு இல்லை. பால் கொடுக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"தத்தெடுக்கிறதில்லை. பராமரிப்புத் தாய். பிள்ளைக்கு ஒரு வழி வரும் மட்டும், இல்லாட்டி அது வளரும் மட்டும் வைச்சுப் பார்க்கிறது. கோட்டிலை உத்தரவு எடுக்க வேணும். சட்டத்திலை அதுக்கு 'தகுதியான ஆள்' எண்டு பேராம்," என்றார். பிறகு குட்டிக்கையைத் தூக்கிக் காட்டினார். "ஆள் எண்டுதான் போட்டிருக்கு. கை எண்டு போடேல்லை."

அன்றிலிருந்து என் பதவி மாறியது. பகலில் தபால் அதிபர். பின்னேரத்தில் எட்டு வயதுப் பெண்பிள்ளை.

"ஊரிலை எத்தினை உண்மையான பிள்ளையள் இருக்குது. ஒண்டைக் கூப்பிட்டு வைச்சுப் பாருங்கோவன்," என்று கேட்டுப் பார்த்தேன்.

"பிள்ளையை வைச்சுப் பரீட்சை பார்க்கிறதோ? எனக்குப் பிழைச்சால் அதுக்கெல்லே நோகும். உமக்கு நொந்தால் பரவாயில்லை."

முதலில் காய்ச்சல். சாக்குக் கட்டிலில் என்னைப் படுக்கவைத்தார். ஈரத்துணியை ஒற்றைக் கையால் எப்படிப் பிழிவது என்பதுதான் பிரச்சினை. ஒரு நுனியைக் காலால் மிதித்துப் பிழிந்தார். அதைத் தூக்கி என் நெற்றியில் போட்டபோது மணலும் சேர்ந்து வந்தது. அடுத்தமுறை கிணற்றடித் தூணில் சுற்றிப் பிழிந்தார். அது சரிவந்தது. கஞ்சி காய்ச்சி, நிமிர்த்தி இருத்தி, குட்டிக்கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு கரண்டியால் தீத்தினார். எனக்கு யாராவது சோறு தீத்தி முப்பத்தைந்து வருடமாவது இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். உண்மையாகவே நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது இருட்டியிருந்தது, மேலே ஒரு சேலை போர்த்தியிருந்தது, மனைவி கல்வேலியடியில் நின்று, "பிள்ளையை வீட்டை அனுப்புறியளோ, இல்லாட்டி அங்கையே வைச்சிருக்கப் போறியளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு குழப்படி. "நீர் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நில்லும்."

"நான் போகமாட்டன்."

"ஏன்?"

"வயித்துக்குத்து."

"உண்மையோ பொய்யோ?"

"நான் என்ன சொல்ல வேணும் அக்கா?"

"பிள்ளை அப்பிடிக் கேக்குமோ? உருண்டு பிரண்டு அழும்."

நான் அரைமனதோடு தொடங்கினேன். ஆனால் அழ அழ ஒரு ருசி வந்தது. முற்றத்தில் விழுந்து, காலை அடித்து, எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று கத்தினேன். அக்கா பக்கத்தில் குந்தி, மெதுவாக, "ஐஸ்கிறீம் வள்ளத்திலை வர உருகிப்போகும் குஞ்சு," என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் படலையடியில் ஒரு செருமல். ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று கேட்க என் வீட்டுக்கு வந்த பழைய தலைமை ஆசிரியர், சத்தம் கேட்டு இங்கே எட்டிப் பார்த்திருக்கிறார். நான் மண்ணோடு எழும்பி, "ஓம் ஐயா, வந்திட்டுது, நாளைக்கு வாங்கோ," என்றேன். அவர் என்னையும் அக்காவையும் பார்த்தார். "ஒரு அவசரமும் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் முழுத் தீவுக்கும் தெரிந்திருந்தது. முத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஐஸ்கிறீமின் விலையையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய பாடு தலை பின்னுவதுதான். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல், ரிபன் கட்டி மடித்து விட வேண்டும். மூன்று புரி, ஒரு கை. இதற்கு நான் உதவமாட்டேன், என் தலையில் முன்பாதி ஏற்கெனவே காலி. மனைவி முன்வந்தாள். அக்கா ஒரு புரியைப் பல்லால் கடித்து, ஒன்றைக் குட்டிக்கையால் பிடரியோடு அழுத்தி, மற்றதை விரலால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பல்லில் மயிர் இருக்கும்போது கதைக்கவும் வேண்டும், ஏனென்றால் பிள்ளை சும்மா இருக்காது.

"அக்கா, அது என்ரை காது."

"ம்ம். ம்ம்ம்."

"இன்னும் காதைத்தான் பிடிச்சிருக்கிறியள்."

முதல் பின்னல் ஆட்டுக் கொம்பு மாதிரி ஒருபக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மனைவி அதை அவிழ்க்கவில்லை. அதோடு சங்கக்கடைக்குப் போய் சீனி வாங்கி வந்தாள். யாரோ சிரித்தபோது, "எங்கடை அக்கா பின்னினது," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மழைக்காலம் வந்து போவதற்குள் பின்னல் நேராகிவிட்டது. ரிபன் கட்டுவதற்கு மூக்கையும் பயன்படுத்தலாம் என்று அக்கா கண்டுபிடித்தார்.

பிரதேச செயலகத்தில் இந்த விஷயமாக ஒரு கூட்டம் நடந்தது. நானும் அயலவன் என்ற முறையில் போனேன். அங்கே வந்திருந்த ஒரு பெரியவர், கெட்ட மனிதர் இல்லை, கவலையோடுதான் சொன்னார்: "தங்கச்சி, ரெண்டு கை உள்ளவையே பிள்ளை வளர்க்க ஏலாமல் கஷ்டப்படுகினம்."

"அப்ப பிழை கையிலை இல்லைத்தானே ஐயா," என்றார் அக்கா. இது ஒத்திகை பார்த்த பதில் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார், தன் வாயிலிருந்து இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியுமோ என்று கேட்பதுபோல.

அதற்குப் பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்வதில்லை. மறுகரையில், குறிகட்டுவானில் ஏறும்போது மனுசியாக ஏறி, இங்கே பச்சைப் பப்பாசி நிறத்தில் இறங்குவார். அன்றும் கதிரையில் இருந்து தலையை முழங்காலுக்குள் வைத்தபடிதான் கேள்விகளைக் கேட்டார். ஒற்றைக் கையால் எப்படிக் குளிப்பாட்டுவீர்கள் என்று கேட்டதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அதை எதிர்பார்த்துத்தானே இருந்தார்.

"செய்து காட்டுறன். போஸ்மாஸ்ரர், வாரும்."

நான் கதிரையின் பின்னுக்குப் போனேன். உத்தியோகத்தர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்து பாவம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்கா தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியைத் தூணில் சுற்றிப் பிழிந்து பிடரியில் வைத்தார். நிறம் திரும்பிய பிறகு உத்தியோகத்தர் மெல்லக் கேட்டார்:

"பிள்ளைக்கு உங்களைப் பிடிக்காட்டி என்ன செய்வீங்கள்?"

காய்ச்சலுக்கு, குழப்படிக்கு, பேனுக்கு, பாம்புக்கு, பரீட்சைக்கு எல்லாம் நாங்கள் பழகியிருந்தோம். இது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். மனைவி காலை மிதித்தாள்.

"பிடிக்காமலும் இஞ்சை இருக்கலாம் பிள்ளை," என்றார் அக்கா கடைசியில். "என்னைப் பிடிச்சால்தான் சோறு எண்டு நான் ஒருக்காலும் சொல்லமாட்டன்."

உத்தியோகத்தர் பேனையை மூடிவிட்டு, மிச்சத் தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

முதலில் தற்காலிகமாகப் பிள்ளையை விடுவதென்று முடிவாயிற்று. வருகிற நாளன்று அக்கா சலவைச் சேலையோடு இறங்குதுறையில் நின்றார். குட்டிக்கையில் இரண்டு வெள்ளை ரிபன் தொங்கியது. சொல்லவேண்டியது எல்லாம் பாடம். "வா குஞ்சு, இது உன்ரை ஊர்" என்று தொடங்கும். அதை எனக்கே பத்து இருபது தடவை சொல்லியிருக்கிறார், நான் ஒவ்வொரு தடவையும் வள்ளத்திலிருந்து இறங்குவதுபோல வாங்கிலிருந்து இறங்கியிருக்கிறேன்.

வள்ளம் வந்தது. முதலில் உத்தியோகத்தர் தள்ளாடி இறங்கினார். பின்னால் மெலிந்த பிள்ளை ஒன்று, முதுகில் பள்ளிக்கூடப் பை. தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இல்லத்தில் பேன் பரவியதால் எல்லாருக்கும் போன கிழமை வெட்டிவிட்டார்களாம்.

அக்கா அந்தத் தலையைப் பார்த்தார். ரிபனைப் பார்த்தார். என் மனைவியின் கூந்தலைப் பார்த்தார். பாடமாக்கியது எல்லாம் பறந்துபோய்விட்டது. வாயில் வந்ததைக் கேட்டார்:

"என்ன, தலைமயிரை எங்கை விட்டிட்டு வந்தனி?"

பவி நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். கண் குட்டிக்கையில் நின்றது.

"உங்கடை கையை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?"

மீன்பெட்டி இறக்கியவர்கள் பெட்டியோடு நின்றார்கள். உத்தியோகத்தர் சத்தி எடுக்கவும் மறந்துபோனார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறைச் சீமெந்துத் திட்டில் இருந்துவிட்டார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. பவி சிரிக்கவில்லை. பதில் வருமென்று காத்துக்கொண்டு நின்றாள். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, வீடு போய்ச் சேரும்வரை கை போன கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தார். எனக்கு ஒரு வரியில் சொன்ன கதை, அவளுக்கு ஒரு மைல் தூரம் போனது. நாங்கள் பின்னால் உத்தியோகத்தரின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒத்திகை பார்த்தபடி பவி ஒன்றும் செய்யவில்லை என்பது சில நாளிலேயே தெரிந்துவிட்டது. காய்ச்சல் வரவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் போகப்போகிறேன் என்று நின்றாள். மாடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்களிடம் வந்து, "மாமா, நீங்கள்தான் நானாமே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் போய்விட்டாள்.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்குக்குத் திகதி வந்தது. நீதிபதி பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். நான் அக்காவிடம் போய், "நாளைக்கு என்ன சொல்ல வேணுமெண்டு பவியைப் பழக்கிவிடுங்கோ. நான் நீதிபதியா இருக்கிறன்," என்றேன். என் பங்குக்கு ஒரு கறுப்புச் சால்வையும் கொண்டுபோயிருந்தேன்.

அக்கா தலையை ஆட்டினார். "வேண்டாம். நான் சொல்லிக்குடுத்தால் அது என்ரை கதையாப் போடும். அவள் தன்ரை கதையைச் சொல்லட்டும்."

"மாறிச் சொன்னால்?"

"மாறிச் சொல்லட்டும்."

சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு விஷயத்துக்கு ஒத்திகை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அது பயமாக இருந்தது.

நீதிபதி நடுத்தர வயதுப் பெண், அன்பானவர். மேசைக்கு முன்னால் பவியை நிற்கவைத்து, "இந்த அம்மாவோடை இருக்க உமக்கு விருப்பமோ?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றாள் பவி.

"எப்ப முடிவெடுப்பீர்?"

"தலைமயிர் வளர்ந்தாப் பிறகு."

"ஏன்?"

"இவ தலை பின்னப் பழகினவாம். நோகாமல் பின்னுறாவோ எண்டு பார்த்திட்டுச் சொல்லுறன்."

நீதிபதி அக்காவின் கையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ எழுதினார். அதுவரைக்கும் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, நல்ல தூரத்தில் இன்னொரு திகதி கொடுத்தார்.

அந்த மாதங்களில் தீவில் எல்லாரும் பவியின் தலையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் கரிசலாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்தார். ஆடு சேலையைத் தின்ற அந்த வளவுக்காரர் முட்டை கொண்டுவந்தார். பழைய தலைமை ஆசிரியர் ஓய்வூதியம் எடுக்க வரும்போதெல்லாம், "எவ்வளவு தூரம் வந்திட்டுது?" என்று கேட்டு, என் விரலில் அளவு காட்டச் சொல்வார். மனைவி தினமும் காலையில் போய் எண்ணெய் தேய்த்தாள். அக்கா வெளியே சிரித்துக்கொண்டுதான் திரிந்தார். ஆனால் ஒரு பின்னேரம் மாட்டுக் கொட்டில் பக்கம் என்னைக் கூப்பிட்டு, "நீர் பவி. நீர் திரும்பி இல்லத்துக்குப் போறீர்," என்றார்.

நான் போவதுபோல நின்றேன்.

"சுகமாப் போட்டு வா குஞ்சு. லீவுக்கு வா. வராட்டியும் பரவாயில்லை," என்றார் அக்கா. குரல் நடுவில் உடைந்தது. "இல்லை, பிழைச்சுப் போச்சு. திரும்ப நில்லும்." அன்று இருட்டும்வரை நான் போய்ப் போய் வந்தேன். கடைசித் தடவை குரல் உடையவில்லை. அதற்குள் என்னுடையது உடைந்துவிட்டது.

தலைமயிர் பிடரியை மூடியதும் பின்னல் போட்டார். பவி அசையாமல் இருந்தாள். பல்லும் மூக்கும் குட்டிக்கையும் எல்லாம் வேலை செய்தன. முடிந்ததும், "நொந்துதோ?" என்று கேட்டார்.

"நொந்தது."

"கனக்கவோ?"

பவி யோசித்தாள். "கொஞ்சம்."

இரண்டாம் முறை நீதிபதிக்கு முன்னால் அவள் பின்னல்களோடு நின்றாள். இடப்பக்கம் காதுக்கு மேலே, வலப்பக்கம் காதுக்குக் கீழே. வள்ளத்தில் காற்று வேறு அடித்திருந்தது.

"எப்பிடி? முடிவெடுத்திட்டீரோ?"

"ஒண்டு மேலை போச்சு, ஒண்டு கீழை போச்சு," என்றாள் பவி. "பரவாயில்லை. நான் இருக்கிறன்."

உத்தரவு கிடைத்தது. வெளியே வந்ததும் உத்தியோகத்தர் அழுதார், மனைவி அழுதாள். அக்கா படியில் இருந்து, ஒன்றும் விளங்காதவர் மாதிரி ரோட்டைப் பார்த்தார். "என்னக்கா?" என்றேன்.

"போறன் எண்டு சொன்னால் என்ன செய்யிறது எண்டுதான் பழகினனான். இருக்கிறன் எண்டு சொல்லுவாள் எண்டு நான் நினைக்கவே இல்லையே. இப்ப என்ன செய்யிறது?"

"சோறு சாப்பிடுவம்," என்றாள் பவி. "பசிக்குது."

பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். முழங்கால் இரண்டும் சரியில்லை, பிரஷர் இருக்கிறது, கந்தோரில் என்னை யாரும் பிள்ளையாகப் பார்ப்பதில்லை. அக்கா இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பார். போன வருடம் ஒருநாள் வந்த அழைப்பு வேறு மாதிரி இருந்தது.

"அண்ணனும் தம்பியுமா ரெண்டு பேர். சின்னவனுக்கு அஞ்சு வயசு. அதே உத்தியோகத்தர் திரும்பக் கேட்டிருக்கிறா. நீர் ஞாயிற்றுக்கிழமை வாறீரோ? மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும். இந்தமுறை எனக்கு ரெண்டு பேர் வேணும்."

போகாமல் விட முடியுமா. குறிகட்டுவானுக்கு பஸ் ஏறினோம், வள்ளத்தில் ஏறினோம். மனைவி வழியெல்லாம், தான்தான் மூத்தவன் என்றும் நான் தன் சொல்லுக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பவி உயர்ந்திருந்தாள். பதினான்கு வயது. சாதாரணமாக ஒற்றைப் பின்னல், தானே போட்டது. எங்களுக்குத் தேத்தண்ணி தந்தாள். அக்கா முற்றத்தைக் கூட்டி, வாங்கைப் போட்டு, "போஸ்மாஸ்ரர், நீர் சின்னவன். முதல் நாள் வந்திருக்கிறீர். அழும்," என்றார். நான் குனிந்து, முழங்கால் அனுமதித்த அளவுக்கு இறங்கி, அழுதேன்.

"பிழை," என்றாள் பவி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"வாற பிள்ளை அப்பிடி அழாது மாமா. எழும்புங்கோ. நான் செய்து காட்டுறன்."

உள்ளே போய்த் தன் பள்ளிக்கூடப் பையில் உடுப்புகளை அடைத்து எடுத்து வந்தாள். சப்பாத்துப் போட்டாள். அறைக்குள் போய், கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. பையின் பட்டியைக் கையில் சுற்றியிருந்தாள்.

"இப்பிடித்தான்," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "முதல் கிழமை முழுக்க நான் இப்பிடித்தான் படுத்தனான். நீங்கள் வெளிச்சத்தை நிப்பாட்டின உடனை சப்பாத்தைப் போடுவன். விடிய முதல் கழட்டிப்போடுவன். உங்களுக்குத் தெரியாது."

அக்காவுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் நின்றார். குட்டிக்கை கதவு நிலையில் தேய்ந்துகொண்டிருந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் மூத்தவனும் இளையவனுமாக முற்றத்தில் நின்றோம்.

அக்கா மெல்ல உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பிள்ளையைத் தொடவில்லை, பையையும் தொடவில்லை. முதுகைக் கட்டிலில் சாய்த்து, காலை நீட்டி, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கட்டிலிலிருந்து பவியின் குரல் வந்தது.

"ஓம். இது காணும்."